ஆயாம் ஸ்பெஷல் ஒன்று! கோலாலம்பூரில் மகளோடு ஒரு பர்கர் தேடல்

கோலாலம்பூரில் எந்தத் தாமானுக்குப் போனாலும் இரவு ஏழு மணிக்கு மேல் ஒரு காட்சி தவறாது. கடை வரிசையின் ஓரத்தில் ஒரு பெரிய குடை, அதன் கீழே ஒரு தள்ளுவண்டி, வெள்ளை விளக்கு, சூடேறிய இரும்புக் கல். மார்ஜரின் உருகும் வாசம் சாலையின் மறுபக்கம் வரை வரும். தலைக்கவசத்தைக்கூடக் கழற்றாமல் மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்தபடியே நாலைந்து பேர் காத்திருப்பார்கள். வேலை முடிந்து திரும்புகிறவர், டியூஷன் முடிந்த பிள்ளைகள், வீட்டில் சமைக்க நேரமில்லாத அம்மா என எல்லாருக்கும் அங்கே ஒரே வரிசைதான்.

பேரங்காடிகளில் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் இருக்கும் பர்கர் கடைகள் வேறு. அங்கே விலையும் வேறு, பெயர்களும் வேறு. இந்த இரண்டு உலகங்களிலும் நல்ல பர்கர் எங்கே கிடைக்கிறது என்று தேடிப் பார்க்கலாம் என்று சொன்னது என் மகள். வயது பதினைந்து, மூன்றாம் படிவம். எதைக் கேட்டாலும் "ம்" என்று மட்டும் பதில் வரும் வயது. அவளே வாயைத் திறந்து ஒரு யோசனை சொன்னதும், பள்ளி விடுமுறையில் மூன்று மாலை வேளைகளை அதற்கென்று ஒதுக்கிவிட்டேன்.

வீட்டம்மா ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். "எங்க வேணும்னாலும் போங்க. மாட்டிறைச்சி போட்ட கல்லுல சுட்டத மட்டும் சாப்பிட வேணாம்."

கேட்பதற்குச் சின்ன நிபந்தனைதான். ஆனால் இந்த நகரத்தில் பர்கர் சாப்பிட நினைக்கும் நம் குடும்பங்களில் பலவற்றுக்கு அதுதான் பெரிய கேள்வி. 'மாடு வேண்டாம், கோழி கொடுங்கள்' என்று சொல்வது சுலபம். 'இரண்டையும் ஒரே கல்லிலா போடுகிறீர்கள்?' என்று கேட்பதற்குத்தான் பலருக்கும் நாக்கு எழுவதில்லை. கேட்டால் கடைக்காரர் தப்பாக எடுத்துக்கொள்வாரோ, பின்னால் நிற்பவர்கள் முகம் சுளிப்பார்களோ என்ற தயக்கம். பதின்ம வயதுப் பிள்ளை பக்கத்தில் நின்றால் இன்னொரு தயக்கமும் சேர்ந்துகொள்ளும்: "அப்பா, ப்ளீஸ், கேக்காதீங்க!"

பத்து ரோட்டில் தொடங்கிய கதை

முதல் மாலை சனிக்கிழமை. எல்.ஆர்.டி.யில் மஸ்ஜிட் ஜாமிக் நிலையத்தில் இறங்கி, ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மான் வழியாகச் சௌகிட் வரை நடப்பது எங்கள் திட்டம். சுமார் இரண்டு கிலோமீட்டர்.

நாட்டின் முதல் மாமன்னர் பெயரைத் தாங்கிய இந்தச் சாலையைப் பெரியவர்கள் இன்னமும் பத்து ரோடு என்றுதான் சொல்வார்கள். மலேசியாவின் துரித உணவுக் கதை தொடங்கியதும் இங்கேதான். 1963இல் ஏ அண்ட் டபிள்யூ கடை இந்தச் சாலையில் திறக்கப்பட்டது. நாட்டின் முதல் துரித உணவகம் அதுதான். மெக்டொனால்ட்ஸ் வந்தது அதற்குப் பிறகு ஏறக்குறைய இருபது ஆண்டுகள் கழித்து. 1982 ஏப்ரலில் புக்கிட் பிந்தாங்கில் அதன் முதல் கடை திறந்தது.

"அப்போ தாத்தா பர்கர் சாப்பிட்டிருப்பாரா?" என்று மகள் கேட்டாள்.

தாத்தா அப்போது தோட்டத்தில் இருந்தார். கோலாலம்பூருக்கு வருவதே தீபாவளித் துணி எடுக்கத்தான். அப்படி வந்தால் மஸ்ஜிட் இந்தியாவில் துணி, கொலிசியம் திரையரங்கில் படம், ஏதாவது ஒரு கடையில் தோசை. பர்கர் அவர் கண்ணில் பட்டிருந்தாலும் கையில் வந்திருக்காது என்றேன்.

இந்த இரண்டு அயல்நாட்டுக் கடைகளுக்கும் நடுவில் முளைத்ததுதான் நம் தெருவோர பர்கர். ரம்லி மொக்னி என்பவர் தம் மனைவியோடு சேர்ந்து 1979இல் பர்கர் தொழிலில் இறங்கினார். அன்றைக்குக் கிடைத்த பர்கர் ஹலாலா இல்லையா என்ற ஐயம் முஸ்லிம்களிடையே இருந்தது. 'ஹேம்பர்கர்' என்ற பெயரிலேயே 'ஹேம்' இருக்கிறதே என்று தயங்கியவர்களும் உண்டு. உண்மையில் அந்தப் பெயர் ஜெர்மனியின் ஹம்பர்க் நகரத்திலிருந்து வந்தது. பன்றி இறைச்சிக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆனாலும் சாப்பிடுகிறவருக்கு மனம் ஒப்ப வேண்டுமல்லவா? அந்தத் தயக்கத்தைப் போக்கும் பர்கரை ரம்லி செய்தார். இன்றைக்கு 'ரம்லி' என்ற பெயரே தெருவோர பர்கருக்கு மறுபெயராகிவிட்டது.

இதைச் சொன்னதும் மகள் சற்று நேரம் பேசாமல் நடந்தாள். பிறகு, "அவங்களுக்கும் அதே மாதிரி ஒரு கேள்வி இருந்திருக்கு, இல்லப்பா?" என்றாள்.

'சாமா, டிக்'

லோரோங் துவாங்கு அப்துல் ரஹ்மானில் சனிக்கிழமை தோறும் கூடும் பாசார் மாலாமைக் கடந்து, சௌகிட்டிலிருந்து ஜாலான் ராஜா ஆலாங் வழியாகக் கம்போங் பாருவுக்குள் நுழைந்தோம். ஒரே சாலையில் சீக்கியர்களின் குருத்துவாராவும் கம்போங் பாரு பள்ளிவாசலும் இருக்கின்றன. மரவீடுகளுக்குப் பின்னால் இரட்டைக் கோபுரம் மின்னுகிறது. நடப்பதற்கு இதைவிட நல்ல இடம் கோலாலம்பூரில் குறைவு.

முதல் தள்ளுவண்டியில் கூட்டம் நன்றாக இருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் மகள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "நானே கேக்குறேன். நீங்க கேட்டா ஏதோ விசாரணை பண்ற மாதிரி இருக்கும்."

வரிசையில் எங்கள் முறை வந்தது. அவள் சிரித்த முகத்தோடு, "பாங், ஆயாம், டாகிங் மாசாக் அசிங் க?" என்றாள். அண்ணே, கோழியும் மாடும் தனித்தனியாகச் சமைக்கிறீர்களா என்ற ஒரே வரிதான். குரலில் தயக்கமும் இல்லை, அதட்டலும் இல்லை.

கடைக்காரர் கரண்டியை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். "சாமா, டிக்" என்றார். எல்லாம் ஒரே கல்தான். அத்தோடு விடவில்லை. கரண்டியாலேயே தெருவின் அந்தப் பக்கத்தைக் காட்டி, அங்கே ஒரு அக்கா கோழி மட்டும்தான் போடுகிறார், அங்கே போ என்றார். அவர் ஒரு வியாபாரத்தை விட்டுக்கொடுத்தார். பின்னால் நின்றவர்கள் யாரும் முகம் சுளிக்கவில்லை. ஒருவர் வழிகூடச் சொன்னார்.

அந்த அக்காவின் கடையில்தான் எங்கள் முதல் 'ஆயாம் ஸ்பெஷல்'. அதைச் செய்வதைப் பார்ப்பதே பாதி சுவை. கல்லில் மார்ஜரின் தடவி, ரொட்டியைப் பிளந்து கவிழ்த்து வைக்கிறார். இறைச்சித் துண்டு பாதி வெந்ததும் அதைக் குறுக்கே இரண்டாகப் பிளந்து, உள்பக்கத்தையும் கல்லில் படவைக்கிறார். சீக்கிரம் வேகவும், மசாலா உள்ளே இறங்கவும் அதுதான் வழி. மேலே மிளகுத்தூளும் கருப்புச் சாஸும் தூவுகிறார். பிறகு முட்டையை உடைத்து ஊற்றி, தோசைபோல மெல்லியதாகப் பரப்பி, நடுவே இறைச்சியை வைத்து நாலு பக்கமும் மடிக்கிறார். முர்தபா மடிப்பதைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கைவேகம் பழக்கமானதுதான். 'ஸ்பெஷல்' என்றால் இந்த முட்டைப் போர்வைதான். பிறகு வெள்ளரி, வெங்காயம், முட்டைக்கோஸ், மயோனிஸ், சில்லி சாஸ். காகிதத்தில் சுற்றி, மஞ்சள் பையில் போட்டுக் கையில் தருகிறார்.

நடைபாதை ஓரம் நின்றபடியே சாப்பிட்டோம். மகள் ஒரு விதி வைத்தாள். "முதல் கடி எல்லாக் கடையிலயும் நல்லாத்தான் இருக்கும். கடைசிக் கடி வரைக்கும் ரொட்டி பிரியாம கையில நிக்கணும். அதுதான் நல்ல பர்கர்." அக்காவின் பர்கர் கடைசிக் கடி வரை நின்றது.

பாட்டியின் பசு

கம்போங் பாருவிலிருந்து கே.எல்.சி.சி. பக்கம் போக இப்போது சாலோமா பாலம் இருக்கிறது. 2020இல் திறந்த அந்த நடைபாலத்தின் விளக்குகளைப் படம் எடுத்துக்கொண்டே மகள் கேட்டாள்: "நாம ஏம்ப்பா மாடு சாப்பிடறதில்ல? சாமி விஷயம்னு மட்டும் சொல்லாதீங்க. என் கிளாஸ்ல இருக்கற தமிழ்ப் பிள்ளைங்கள்லயே சில பேர் சாப்பிடறாங்க."

அவள் சொல்வது உண்மைதான். கிறிஸ்தவத் தமிழர்கள், தமிழ் முஸ்லிம்கள், பழக்கத்தை மாற்றிக்கொண்ட மற்றவர்கள் என்று நம்மிடையே சாப்பிடுகிறவர்கள் பலர். அவர்கள் வீட்டு வழக்கம் அவர்களுடையது. அதனால் எங்கள் வீட்டுக் கதையை மட்டும் சொன்னேன். தோட்டத்தில் பாட்டி இரண்டு பசு வளர்த்தார். விடிகாலையில் பால்மரம் வெட்டப் போவதற்கு முன்பே பால் கறந்துவிடுவார். அந்தப் பால் காசில்தான் என் பள்ளிச் சீருடையும் பஸ் கட்டணமும். ஒரு பசு செத்தபோது பாட்டி இரண்டு நாள் சமைக்கவில்லை. "சாமி காரணமும் உண்டு. ஆனா எனக்கு அந்தப் பசுவோட முகம் ஞாபகம் இருக்கு. அதுதான்," என்றேன்.

"இத நீங்க சொன்னதே இல்ல" என்றாள். வீட்டில் உட்கார்ந்திருந்தால் சொல்லியிருக்கவும் மாட்டேன். முகம் பார்த்துப் பேசுவதைவிட, பக்கத்தில் நடந்தபடி பேசுவது இந்த வயதுப் பிள்ளைகளுக்குச் சுலபமாக இருக்கிறது.

கண்ணாடிக்குப் பின்னால்

இரண்டாவது மாலை பெட்டாலிங் ஜெயா. கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் கிள்ளான் பள்ளத்தாக்கில் புதுவகை பர்கர் கடைகள் பெருகிவிட்டன. 2012இல் சீ பார்க்கில் தொடங்கிய மைபர்கர்லேப், கரிச் சேர்மானத்தால் கறுப்பாக்கிய ரொட்டியோடு பேசப்பட்டது. இளைஞர்கள் வரிசை கட்டி நின்று பர்கர் சாப்பிடும் பழக்கத்தை இப்படிப்பட்ட கடைகள்தான் வளர்த்தன.

நாங்கள் போனது வேறொரு கடை. சுவரெல்லாம் ஓவியம், மேசையில் கியூஆர் குறியீடு. இருவர் சாப்பிட ஐம்பது வெள்ளிக்கு மேல் ஆனது. இங்கே அடுப்பு கண்ணுக்குத் தெரியாது, கதவுக்குப் பின்னால் இருந்தது. மகள் முகப்பில் இருந்த பெண்ணிடம் அதே கேள்வியை இந்த முறை ஆங்கிலத்தில் கேட்டாள். அந்தப் பெண் தெரியாது என்று சொல்லித் தட்டிக்கழிக்கவில்லை. உள்ளே போய்க் கேட்டுவந்து, பொரித்த கோழி தனி எண்ணெயில். சுட்ட கோழி மட்டும் மாட்டிறைச்சி போடும் அதே கல்லில் என்றார். ஆக, பொரித்த கோழி பர்கர் எங்களுக்கு.

கோழித் தொடை மொறுமொறுவென்று அருமையாக இருந்தது. ஆனால் பாதியிலேயே மேல்ரொட்டி வழுக்கிக்கொண்டு போனது. தட்டும் முள்கரண்டியும் கொடுத்தார்கள். "தட்டு கேட்டா அது பர்கர் இல்ல, சோறு" என்று மதிப்பெண்ணைக் குறைத்தாள் மகள். இருந்தாலும் உருளைக்கிழங்குக்கு முழு மதிப்பெண் கொடுத்தாள்.

அங்கே பேச்சு இன்னொரு பக்கம் போனது. எஸ்.பி.எம். முடிந்ததும் வெளியூர் போய்ப் படிக்க வேண்டியிருக்கும், பினாங்கோ, ஜொகூரோ, சபாவோ யாருக்குத் தெரியும் என்றாள். "அங்க சாப்பாட்டுக்கு என்ன பண்றதுன்னு அம்மா இப்பவே கவலப்படறாங்க." இன்னும் இரண்டே ஆண்டு. அதற்குப் பிறகு எந்தக் கடையிலும் அவளுக்காக நானோ அவள் அம்மாவோ கேட்கப் போவதில்லை.

பாக்கெட்டைக் காட்டும் தம்பி

மூன்றாவது மாலை செந்தூல் பக்கம். நண்பர் ஒருவர் சொல்லித்தான் அந்தத் தள்ளுவண்டி தெரியும். நடத்துகிறவர் நம் தமிழ்த் தம்பி. பகலில் தொழிற்சாலை வேலை, இரவில் பர்கர். கோழி, முட்டை மட்டும்தான் போடுகிறார். கல்லுக்குப் பக்கத்தில் இறைச்சி பாக்கெட்டை, ஜாக்கிமின் ஹலால் முத்திரை தெரியும்படி நிறுத்தி வைத்திருக்கிறார்.

மகள் வழக்கமான கேள்வியைத் தொடங்கியதும் அவர் சிரித்துவிட்டார். "மாடு இல்ல தங்கச்சி, கவலப்படாத." பிறகு என்னிடம் திரும்பிச் சொன்னார்: "அண்ணே, நம்மாளுங்க வந்தா மாட்டப் பத்திக் கேக்குறாங்க. மலாய்க்காரங்க வந்தா ஹலாலான்னு கேக்குறாங்க. சைவக்காரங்க வந்தா கல்லப் பத்திக் கேக்குறாங்க. கேட்டா எனக்குச் சந்தோசம். பாக்கெட்டக் காட்டுவேன், கல்லக் காட்டுவேன், அவங்களே முடிவு பண்ணிக்கலாம். கேக்காம அப்படியே திரும்பிப் போறாங்க பாருங்க, அவங்கதான் எனக்கு நட்டம்."

மூன்று நாளாக நான் மகளுக்கு எப்படிச் சொல்வது என்று தேடிக்கொண்டிருந்ததை அவர் ஒரு கல்லை வழித்துக்கொண்டே சொல்லிவிட்டார். கேள்வி கேட்பது கடைக்காரரைச் சந்தேகப்படுவது என்று நாம் எண்ணுகிறோம். அவருக்கோ அது, இந்தக் கடையில் சாப்பிட விரும்புகிறேன் என்று வாடிக்கையாளர் சொல்வது. பல இனமும் பல வழக்கமும் ஒரே வரிசையில் நிற்கும் ஊரில், கேள்வி இல்லாமல் சேர்ந்து சாப்பிட முடியாது.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. நான் வெள்ளியில் கோழி சாப்பிடுவதில்லை. தம்பி எனக்கு 'பென்ஜோ' போடட்டுமா என்றார். இறைச்சி இல்லாமல், முட்டையை மட்டும் ரொட்டியில் மடித்துத் தரும் பர்கருக்கு அதுதான் பெயர். பெரும்பாலான தள்ளுவண்டிகளில் கிடைக்கும், விலையும் குறைவு. ஆனால் கோழி போட்ட கல்லாயிற்றே என்று நான் சொன்னதும், அவர் சின்ன வாணலி ஒன்றை எடுத்துக் கழுவி அதில் முட்டையை ஊற்றினார். மகள் என்னைப் பார்த்துக் கண் சிமிட்டினாள். இந்த முறை கேட்டது நான்தான்.

அந்தத் தம்பியின் ஆயாம் ஸ்பெஷல் அவள் பட்டியலில் முதலிடம். ரொட்டியை இரண்டு பக்கமும் சுட்டிருந்தார். கருமிளகுச் சாஸ் அளவாக இருந்தது. கடைசிக் கடி வரை எதுவும் பிரியவில்லை. விலை, முந்தைய மாலைக் கடையில் ஒருவருக்கு ஆனதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

நீங்களும் போக நினைத்தால்

வாசகர்கள் பிள்ளைகளோடு கிளம்ப எண்ணினால் சில குறிப்புகள்.

சனிக்கிழமை மாலை ஆறரை மணிக்கு மஸ்ஜிட் ஜாமிக்கில் நடையைத் தொடங்கினால் பாசார் மாலாம், சௌகிட், கம்போங் பாரு மூன்றையும் ஒரே மூச்சில் பார்க்கலாம். திரும்புவதற்குக் கம்போங் பாருவிலேயே எல்.ஆர்.டி. நிலையம் உண்டு. கார் வேண்டாம். நிறுத்த இடம் தேடியே பசி போய்விடும்.

ஒரு மாலைக்கு இரண்டு கடை போதும். ஆளுக்கு ஒன்று வாங்காமல், ஒரு பர்கரை இரண்டாக வெட்டித் தரச் சொல்லிப் பகிர்ந்துகொண்டால் அடுத்த கடைக்கும் வயிற்றில் இடமிருக்கும்.

கூட்டம் நெரியும் நேரத்தில் கேள்வி கேட்காதீர்கள். பணம் கொடுப்பதற்கு முன், உங்கள் முறை வரும்போது, ஒரே வரியில் கேளுங்கள். 'இல்லை, ஒரே கல்தான்' என்று பதில் வந்தால் 'தெரிமா காசே' என்று நன்றி சொல்லி நகருங்கள். உண்மையைச் சொன்னவருக்கு அந்த நன்றி சேர வேண்டும்.

முழுச் சைவம் என்றால், சீனர்கள் நடத்தும் சைவ உணவகங்கள் சிலவற்றில் சோயாவிலும் காளானிலும் செய்த பர்கர் கிடைக்கிறது. முட்டை, பூண்டு, வெங்காயம் பற்றிய உங்கள் வழக்கத்தை அங்கேயும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, கேள்வியைப் பிள்ளையே கேட்கட்டும். மலாயிலோ ஆங்கிலத்திலோ தமிழிலோ, அவர்களுக்கு வரும் விதத்தில் கேட்கட்டும். நீங்கள் இரண்டடி தள்ளி நில்லுங்கள்.

விடுமுறையின் கடைசி வாரத்தில் என் மகள் தன் தோழிகள் மூவரோடு பர்கர் சாப்பிடத் தானே திட்டம் போட்டாள். ஒருத்திக்கு ஹலால் வேண்டும், ஒருத்தி சைவம், ஒருத்தி எதையும் சாப்பிடுவாள். நால்வருக்கும் பொருந்தும் கடையை இரண்டு நாள் விசாரித்துக் கண்டுபிடித்துவிட்டாள். நானும் வரட்டுமா என்று கேட்டேன்.

"வேணாம்ப்பா. உங்களுக்கு ஒரு பென்ஜோ வாங்கிட்டு வரேன்" என்றாள்.